கண் திறக்காத சுரூபங்கள்

கார்த்திகை பிறந்துவிட்டால் மீனம்மாவின் கொட்டிலில் கால் வைக்க இடம் இருக்காது. பலகையில், சுளகில், கவிழ்த்து வைத்த பானையின் மேல் என்று எங்கு பார்த்தாலும் விரல் நீளத்தில் சிறகு வைத்த சம்மனசுகளும் இடையர்களும் ஆட்டுக்குட்டிகளும் காய்ந்துகொண்டிருப்பார்கள். வன்னி மழையும் அந்த மாதத்தில்தான் கொட்டித் தீர்க்கும். காற்றிலே காய வேண்டிய பொம்மைகளை அடுப்படிச் சூட்டில் திருப்பித் திருப்பி வைக்கும்போது, இந்த வேதக்காரருடைய சாமி சித்திரையில் பிறந்திருக்கக் கூடாதா என்று வாய்விட்டே கேட்பாள். கேட்ட பிறகு, யார் காதிலாவது விழுந்துவிட்டதோ என்று வாசலையும் ஒருமுறை பார்த்துக்கொள்வாள்.

அவள் கும்பிடுவது முனியாண்டியை. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்து லயன் எரிந்தபோது, தங்கை வடிவம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு லொறி ஏறி வன்னிக்கு வந்தவள். தாயும் தகப்பனும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். தர்மபுரத்தில் காடு வெட்டி, கொட்டில் போட்டு, கச்சான் கடலை நட்டு, அக்காவும் தங்கையும் ஒருவாறு நிமிர்ந்தார்கள். தங்கைக்கு அப்போது பதின்மூன்று வயது. மீனம்மாவுக்கோ கல்யாண வயது. தங்கையை ஆளாக்கும் மும்முரத்தில் அந்த வயது வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

தோட்டத்துக் கோயில்களுக்கு மண் உருவம் செய்த குடும்பம் அவளுடையது. அந்தக் கைப்பழக்கத்தில் அவள் செய்த சின்னச் சாமிகளைச் சந்தையில் கண்ட கிளிநொச்சிக் கன்னியாஸ்திரி ஒருவர், நத்தாருக்குக் கிறிஸ்மஸ் மரத்தில் தொங்கவிட உருவங்கள் செய்ய முடியுமா என்று கேட்டார். வெறும் மண் பாரம். நூலில் தொங்காது, விழுந்தால் சிதறும். மீனம்மா விளாத்தி மரத்துப் பிசினைத் தட்டி எடுத்து ஊறவைத்து, சீலையில் வடிகட்டி, சலித்த புற்றுமண்ணையும் மரத்தூளையும் அதில் போட்டு ரொட்டி மாவைப் போலப் பிசைந்தாள். காய்ந்ததும் அது கொட்டைப்பாக்கு மாதிரி இறுகியது. தலையில் கட்டுக்கம்பியால் ஒரு வளையம் வைத்துத் தொங்கவிட்டால் சம்மனசு பறப்பதுபோலவே இருந்தது.

ஆரம்பத்தில் கூத்துக்கும் குறைவில்லை. அவள் செய்த மூன்று இராசாக்களில் ஒருவர் தலைப்பாகையும் மீசையுமாகத் தோட்டத்துப் பெரிய கங்காணியை உரித்து வைத்திருந்தார். கம்பளி ஆட்டை அவள் கண்டதில்லை என்பதால் ஆடுகளெல்லாம் வன்னி வெள்ளாடுகளாக வந்து நின்றன. பிறகு இலவம்பஞ்சு ஒட்டிச் சமாளித்தாள். கோயிலில் நத்தாருக்குக் கட்டும் மாட்டுக்குடிலிலிருந்த பழைய பாலன் இயேசு சுரூபத்தின் உடைந்த கையை ஒட்டிக் கொடுத்துவிட்டு, தானே அதை வைக்கோலில் படுக்க வைத்தபோது கன்னியாஸ்திரி பதறிப்போய் எடுத்துவிட்டார். பாலன் இன்னும் பிறக்கவில்லையாம். இருபத்துநாலாம் திகதி நடுச்சாமப் பூசையில்தான் பிறப்பாராம், அதுவரை அலுமாரிக்குள் இருப்பாராம். பிள்ளை பிறக்க முதலே தொட்டிலில் போட்ட கதையைச் சொல்லிச் சொல்லி அக்காவும் தங்கையும் அன்று முழுக்கச் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்பு இருந்த காலம் அது.

செய்வது அக்கா, விற்பது தங்கை என்று ஆயிற்று. மீனம்மாவே பெட்டி கட்டிக் கொடுத்து வடிவம்மாவைப் பஸ் ஏற்றி முல்லைத்தீவுக் கரைக்கு அனுப்பினாள். கரையோரத்துச் சனம் சவுக்கங்கொப்பை வெட்டி நட்டு நத்தார் மரம் என்று சோடிக்கும். அதற்குப் பொம்மைகள் நன்றாகவே போயின. பொம்மை வாங்கியவர்களில் முள்ளிவாய்க்காலைச் சேர்ந்த சவிரிமுத்து என்ற மீனவனும் ஒருவன். ஒரே மரத்துக்கு அவன் எத்தனை சம்மனசு வாங்கினான் என்பதை அக்கா கொஞ்சம் யோசித்திருந்தால் விஷயம் அப்போதே விளங்கியிருக்கும்.

எண்பத்திரண்டாம் ஆண்டு நத்தார் நெருக்கத்தில் வடிவம்மா இரண்டு மூன்று தரம் வந்து பக்கத்தில் குந்தினாள். அக்கா, ஒண்ணு சொல்லணும் என்றாள். பிசைந்த பிசின்மண் கையில் இருந்தது. ஆறவிட்டால் மேல்தோல் இறுகிவிடும், பிறகு விரலுக்கு மசியாது. மண்ணு காயுது புள்ள, அப்புறம் பேசு என்று மீனம்மா ஒவ்வொரு தரமும் சொன்னாள். அந்த அப்புறம் வரவேயில்லை. நத்தார் கழிந்த கையோடு வடிவம்மா சவிரிமுத்துவுடன் போய்விட்டாள். வேதத்தில் சேர்ந்து, றெஜினா என்று பேர் வைத்து, கோயிலில் தாலியும் கட்டியாயிற்று என்று ஒரு கிழமைக்குப் பிறகு செய்தி வந்தது.

மதம் மாறினாள் என்பதல்ல மீனம்மாவின் கோபம். யார் என்ன சாமியைக் கும்பிட்டால் என்ன, அவளே அந்தச் சாமியைச் செய்து விற்கிறவள்தானே. என் வீட்டு வாசலில் வந்து, வெற்றிலை பாக்கு வைத்து, பெண்ணைத் தாருங்கள் என்று ஒருத்தர் கேட்கவில்லையே என்பதுதான் அவளை அரித்தது. தோட்டக்காட்டுச் சனம் என்றால் கேட்காமலே கூட்டிப் போகலாமோ என்று பொருமினாள். இனி எனக்குத் தங்கச்சி இல்லை என்று ஊருக்கே கேட்கச் சொல்லிவிட்டாள். சொல்லுகிற நேரம் வாய்க்கு நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு வருடம் அப்படியே போயிற்று. அக்கரையிலும் இக்கரையிலும் கதை கொண்டுபோனவர் சரீப் நானா. தண்ணீரூற்றைச் சேர்ந்தவர், சைக்கிளில் பெட்டி கட்டி, முள்ளிவாய்க்கால் கரையில் மீன் எடுத்து, தர்மபுரம்வரை மிதித்து வந்து விற்பவர். எண்பத்துநாலாம் ஆண்டு ஐப்பசியில் அவர் மீனை நிறுத்துக்கொண்டே, தங்கச்சி தன்னுடைய வீட்டுப் பாலன் குடிலுக்கு மாதா, சூசையப்பர், பாலன் என்று ஒரு செற் சுரூபம் கேட்டவா என்று மெல்லப் போட்டார்.

மீனம்மா மீன் காசை மட்டும் எண்ணிக் கொடுத்தாள். ஆனால் அன்று பின்னேரமே விளாத்தி தேடிக் காட்டுக்குப் போய்விட்டாள். இதுவரை செய்த எதையும் அவள் அப்படிச் செய்ததில்லை. மாதாவின் முக்காட்டு மடிப்புக்கு ஈர்க்கால் ஒவ்வொரு வரியாக இழைத்தாள். சூசையப்பருக்குத் தகப்பனின் குழி விழுந்த கன்னத்தை வைத்தாள். பாலனின் உள்ளங்காலைச் செய்யும்போது, லயனில் தவழ்ந்து திரிந்த தங்கை வடிவத்தின் காலே விரலுக்குள் வந்தது. அழுகை வந்து மண்ணில் விழுந்தது. கண்ணீர் உப்பு, மண்ணை வெடிக்க வைக்கும் என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டு முகத்தைத் துடைத்தாள். எல்லாம் காய்ந்து நிறமும் தீட்டியான பிறகு, கண்ணை மட்டும் வைக்காமல் விட்டாள்.

அது அவர்கள் குடும்பத்து முறை. விற்கிற பொம்மைக்குக் கண்ணை வீட்டிலேயே எழுதிவிடலாம். வைத்துக் கும்பிடுகிற உருவம் என்றால், கண்ணில்லாமல் கொடுத்துவிட்டு, செய்த கையே அந்த இடத்துக்குப் போய்க் கண் திறக்க வேண்டும். அந்த வீட்டார் வெற்றிலை பாக்கும் ஒரு சீலையும் தட்டில் வைத்து அழைப்பார்கள். அழைக்கட்டும் என்று மீனம்மா நினைத்தாள். பெண் கேட்க வைக்காத வெற்றிலையைக் கண் திறக்கவாவது வைக்கட்டும். வைத்தால் அந்தக் கணமே புறப்பட்டுப் போய், தங்கையைக் கட்டிப் பிடித்து, நாலு ஏச்சு ஏசி, எல்லாவற்றையும் முடித்துவிடலாம். போவதற்கு ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். வடிவத்துக்கு முறை தெரியும், வாய் திறந்து சொல்லத் தேவையில்லை. உருவங்களை வைக்கோலில் பொதிந்து நானாவின் பெட்டியில் ஏற்றினாள்.

நத்தார் கழிந்து தை பிறந்த பிறகுதான் சரீப் நானா வந்தார். குடில் வடிவாகக் கட்டியிருந்தார்கள் என்றும், ஊரே வந்து பார்த்தது என்றும், ஏன் கண்ணில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா வந்து திறப்பா என்று தங்கச்சி சொன்னதாகவும் ஒப்புவித்தார். மீனம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றையே கேட்டாள்.

“வெத்தல குடுத்துவிட்டாளா நானா?”

“வெத்திலை இல்லை. கருவாடு தந்துவிட்டவா.”

கருவாட்டை அவள் தொடவில்லை. பக்கத்து வளவு ஜெகதீஸ்வரியிடம் கொடுத்துவிட்டாள். மத்தியானம் அந்த வீட்டிலிருந்து பொரிக்கிற வாசம் வந்தபோது, சின்ன வயதில் ஒரு துண்டுக் கருவாட்டுக்காக வடிவம் அடம்பிடித்து அழுதது நினைவுக்கு வந்து, தன் சோற்றையும் சாப்பிடாமல் மூடி வைத்தாள்.

பிறகும் கதை வந்துகொண்டுதான் இருந்தது. குடில் பிரித்த பின்னும் உருவங்களைத் தங்கச்சி கட்டி வைக்கவில்லையாம், சுவர்த்தட்டில் வரிசையாக வைத்திருக்கிறாவாம். கண்மை எடுத்துச் சவிரிமுத்து கண் எழுதப் போனபோது கையைத் தட்டிவிட்டாவாம். இதையெல்லாம் கேட்கக் கேட்க மீனம்மாவுக்கு உள்ளே இளகும். வெளியே, வெற்றிலை வந்ததா என்று வாய் கேட்டுவிடும். ஒருநாள் சரீப் நானாவுக்கே பொறுக்கவில்லை. சந்தையில் தானே இரண்டு வெற்றிலை வாங்கி வந்து தரட்டுமா, அதை வைத்துக்கொண்டு போய்வாருங்கோ என்றார். மீனம்மா முறைத்த முறைப்பில் மனிதர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆடி மாதம் அவர் கொண்டுவந்தது வேறு செய்தி. தங்கச்சி முழுகாமல் இருக்கிறாவாம்.

அதைக் கேட்டதும் மீனம்மாவின் வீறாப்பெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. மறுநாள் காலையிலேயே நல்ல சீலை ஒன்றைச் சுற்றி, விளக்குக்கரியும் பிசினும் குழைத்த மையைச் சிரட்டையில் எடுத்து, தூரிகையை முடிச்சில் செருகிக்கொண்டு பஸ் எடுக்கப் போனாள். தரிப்பிடத்தில் ஜெகதீஸ்வரி நின்றாள். எங்கே பயணம் என்று விசாரித்தாள். சொன்னதும் முகம் மலர்ந்து, “அப்ப கடைசியா வெத்திலை வைச்சுக் கூப்பிட்டிட்டினம் என்ன?” என்று கேட்டாள்.

பாவம், அவள் குத்திக் கேட்கவில்லை. இவ்வளவு காலமும் மீனம்மா சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னாள். ஆனால் இல்லை என்று சொல்ல மீனம்மாவுக்கு நா எழவில்லை. ஆமாம் என்று பொய் சொல்லவும் மனம் வரவில்லை. கச்சானுக்குள் மாடு புகுந்திருக்கும், பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஏதோ சாட்டுச் சொல்லித் திரும்பி நடந்தாள். முல்லைத்தீவு பஸ் அவளைக் கடந்து போயிற்று. அன்றைக்கு அந்தப் பஸ்ஸில் ஏறியிருக்கலாம். எதை மறந்தாலும் அந்தப் பஸ்ஸை அவளால் மறக்க முடியாது.

அதற்குப் பிறகு கடலில் தடை இறுகியது. வள்ளம் இறக்கினால் கடற்படை சுடும் என்று கரை முழுக்கப் பயம். மீன் இல்லை என்றால் சரீப் நானாவுக்குத் தர்மபுரத்தில் என்ன வேலை? அவர் வருவது நின்றது, கதையும் நின்றது. ஆவணி போனது, புரட்டாதி போனது. நாய் குரைத்தால் மீனம்மா வாசலுக்கு வருவாள். சைக்கிள் மணி கேட்டால் கைமண்ணைக் கழுவாமலே ஓடி வருவாள். கார்த்திகையில் வழக்கம்போலப் பிசின் ஊறப்போட்டாள். அந்த வருடம் உருவங்கள் கைக்கு வரவில்லை. சம்மனசுகள் எல்லாம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தன.

மார்கழியில், நத்தாருக்கு முதல் நாள் காலை, எதையும் யோசிக்கக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டு, மைச் சிரட்டையும் தூரிகையுமாகப் புறப்பட்டாள். வழியில் ஜெகதீஸ்வரி என்ன, ஊரே கூடிக் கேட்டாலும் என் தங்கச்சியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லுவதாக இருந்தாள். ஒருத்தரும் கேட்கவில்லை. மழை வெள்ளத்தில் பஸ் நின்று நின்று போனது. இறங்கி, சேற்றிலும் மணலிலும் நடந்து, விசாரித்து விசாரித்துச் சவிரிமுத்துவின் வளவுக்குள் நுழைந்தபோது மத்தியானம் திரும்பிவிட்டது. ஏசுவதற்கென்று எடுத்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட மிச்சமில்லை. பிள்ளைத்தாச்சிக்கு என்ன சமைத்துப் போடலாம் என்பதுதான் மனதில் ஓடியது.

குசினிக்குள் இருந்து வந்தவர் சவிரிமுத்துவின் தாய் திரேசம்மா. மீனம்மா தான் யார் என்று சொன்னாள். அந்த மனுசி வாசல் கப்புக்காலைப் பிடித்துக்கொண்டார்.

“இப்பதானோ பிள்ளை வாறியள்?” என்றார். “அவை போய் ரெண்டு மாசமாகுது.”

கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, ஆற அமரச் சொன்னார். கடற்தொழில் இல்லை, சாப்பாட்டுக்கே வழியில்லை. வயிற்றுப் பிள்ளையோடு வடிவத்தை இங்கே வைத்திருக்கப் பயம். மழைக்கு முன்னம் இந்தியாவுக்கு ஒரு வள்ளம் போகிறது என்றார்கள்; புருசனும் பெண்சாதியுமாக ஏறிவிட்டார்கள். கரை சேர்ந்துவிட்டதாக மட்டும் கதை வந்தது. எந்த முகாம், எந்த ஊர் என்று ஒன்றும் தெரியாது. புறப்படுகிறதுக்கு முன்னம் ஒரு கிழமையாக அவள் பஸ் வருகிற நேரமெல்லாம் றோட்டில் போய் நின்றாள் என்றும் திரேசம்மா சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று அவருக்கே பட்டதோ என்னவோ, குரலைத் தணித்துக்கொண்டார்.

யார்மீது பழியைப் போடலாம் என்று மீனம்மாவின் மனம் அலைந்தது. கடைசியில் அந்தப் பழைய இடத்திலேயே வந்து நின்றது.

“ரெண்டு வெத்தல குடுத்துவிட்டிருந்தா நான் ஓடி வந்திருப்பேனே அம்மா. ஒரு வார்த்த கூப்புடலயே அவ.”

“நானும் அதைத்தான் சொன்னனான்,” என்றார் திரேசம்மா. “வெத்திலை வாங்கியும் வைச்சனான். சரீப்பிட்டைக் குடுத்துவிடு பிள்ளை, அக்கா வரட்டும் எண்டு. அவள் கேக்கேல்லை. ‘வெத்திலை வைக்கிறது பிறத்தியாருக்கு மாமி. எங்கட அப்பா, பெரியப்பா வீட்டுச் சாமிக்குக் கண் திறக்க ஆர் கூப்பிட்டுப் போனவர்? அக்காவுக்கு வெத்திலை வைச்சா, அவா எனக்கு ஆரோ எண்டு ஆயிடும். அதை நான் செய்யமாட்டன். அவா தானா வருவா’ எண்டு சொல்லிப்போட்டாள்.”

உண்மைதான். தகப்பன் தூரிகையை இடுப்பில் செருகிக்கொண்டு, மேல் லயனில் இருந்த பெரியப்பா வீட்டுக்கு அழைப்பில்லாமல் போவதை மீனம்மாவும் கண்டிருக்கிறாள். தன் வீட்டுக்குத் தானே வெற்றிலை கேட்பார்களா என்று அவர் சிரித்ததையும் கேட்டிருக்கிறாள். வடிவத்துக்கு அப்போது ஐந்து வயதுகூட இல்லை. அந்தப் பிள்ளை நினைவு வைத்திருந்தது. மூத்தவள், எல்லா முறையும் தெரிந்தவள் என்று மார் தட்டியவள், அதை மட்டும் மறந்துவிட்டாள். ஒரு வருடமாக அக்கா அக்காவாக வர வேண்டும் என்று தங்கை காத்திருக்க, இவள் விருந்தாளியாக அழைக்கட்டும் என்று வீட்டில் குந்திக்கொண்டிருந்தாள். மீனம்மா தலையில் கை வைத்துக்கொண்டு அழுதாள். பாவி நான், பாவி நான் என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. திரேசம்மா அவளை அழ விட்டார்.

அழுகை ஓய்ந்த பிறகுதான் குடிலைப் பார்த்தாள். விறாந்தை மூலையில் கிடுகு வேய்ந்து, வைக்கோல் பரப்பி வைத்திருந்தது. மாதா, சூசையப்பர், இடையர், கங்காணி மீசை இராசா எல்லோரும் நின்றார்கள். ஒருவருக்கும் கண் இல்லை. வைக்கோலின் நடுவில் பாலனின் இடம் வெறுமையாகக் கிடந்தது.

“பாலன் அலுமாரிக்குள்ள,” என்றார் திரேசம்மா. “இண்டைக்குப் பூசை முடிஞ்சுதான் வைப்பன். வந்தனீங்கள், கண்ணைத் திறந்துவிட்டுப் போங்கோ பிள்ளை. போன வருசம் சனம் கேட்ட கேள்விக்கு அவளெண்டா பதில் சொன்னாள். நான் என்னத்தைச் சொல்லுறது?”

மீனம்மா மறுக்கவில்லை. சிரட்டை மையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் கரைத்தாள். அந்த இடைவெளியில் உள்ளே போன திரேசம்மா, சீலைத் தலைப்பை ஒழுங்காக இழுத்து மூடிக்கொண்டு, ஒரு தட்டோடு திரும்பி வந்தார். தட்டில் வெற்றிலை, பாக்கு, மடிப்புக் கலையாத ஒரு சீலை. மருமகள் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொண்ட முறையை, பிழையில்லாமல் செய்ய வேண்டும் என்ற கவனம் அந்த முகத்தில் இருந்தது.

“எங்களுக்கு உங்கட வழக்கம் வடிவாத் தெரியாது. குறை நினையாதேங்கோ,” என்று தட்டை நீட்டினார்.

தட்டு முன்னால் நின்றது. இத வாங்க நான் வரலீங்க, எந்தங்கச்சியப் பாக்க வந்தேன் என்று சொல்ல மீனம்மா வாயெடுத்தாள். ஆனால் எதிரே நின்ற மனுசி மகனையும் மருமகளையும் கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, தனியாகக் குடில் கட்டிக்கொண்டிருப்பவர். அவர் தட்டை எப்படித் தள்ளுவது? இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிறத்தியார் வாங்குவது அப்படித்தான்.

சீலையை மடியில் வைத்துக்கொண்டு மாதாவின் முன்னால் குந்தினாள். தூரிகையை நனைத்து, இடது கண்ணில் தொடங்கினாள். இன்றைக்காவது கை நடுங்கியிருக்கலாம். நடுங்கவில்லை. முல்லைத்தீவுச் சந்தைக்குச் செய்து அனுப்புகிற பொம்மைக்கு வரைவதுபோலவே, கோடு நேராக விழுந்தது.